அப்பாவுக்குப் பூசை வைக்கிறது தப்பா? 'ஒரேதரம்'னு பைபிள்ல எபிரெயர் நிருபத்துல இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?

சயான் சர்க்கிள்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், பொறுமையா படிங்க. நாங்க கத்தோலிக்க. அப்பா இறந்து அஞ்சு வாரம் ஆகுது. ஊரு தூத்துக்குடிப் பக்கம், ஆனா நாப்பது வருஷம் பம்பாய்லதான் இருந்தார், இங்கதான் அடக்கமும் பண்ணோம். ஊர்ல தாத்தா கல்லறை பக்கத்துல கொண்டுபோய் வைக்கணும்னு அவருக்கு ஆசை, எங்களால முடியல, அம்மாவுக்கு அது இன்னும் ஆறாத புண்ணு. அதனால ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை எல்லாம் வச்சும் மனசு அடங்காம மாசாமாசம் அப்பா பேர்ல ஒரு பூசை வைக்கணும்னு அம்மா கோயில்ல பேர் கொடுத்துட்டு வந்துட்டாங்க. என் வீட்டுக்காரி சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), அவ தம்பி இப்போ பெந்தெகொஸ்தே சபைக்குப் போறான். நல்ல பையன், அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப ராத்திரி முழுக்கக் கூட இருந்தவன் அவன்தான். போன ஞாயிறு சாப்பிடும்போது எதுக்கோ பேச்சு வந்து, "அத்தை, இயேசு ஒரேதரம் பலியானார்னு வேதம் சொல்லுது, நீங்க தினமும் பலி பலின்னு சொன்னா சிலுவை போதலைன்னுதானே ஆகுது, மாமாவுக்காக இன்னொரு பலி எதுக்கு"ன்னு கேட்டுட்டான். அம்மா ஒண்ணும் பேசல. தட்டுல இருந்த சோத்தை அப்படியே வச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல, அதான் உண்மை. இருவத்தஞ்சு வருஷமா பூசைக்குப் போறேன், ஆனா பலின்னா என்ன, சாமியார் அங்க நின்னு என்னதான் செய்றார்னு யாராவது கேட்டா சொல்ல வரல. சண்டை போடாம தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முலுண்ட் விசுவாசி:
தம்பி, முதல்ல உங்க அப்பாவுக்காக வருத்தப்படுறேன். உங்க மச்சான் கேட்ட நேரம் சரியில்ல, ஆனா கேட்ட விஷயம் வேதத்துல இருக்கிறதுதான். எபிரெயர் 7, 9, 10 மூணு அதிகாரத்தையும் ஒரே மூச்சுல படிச்சுப் பாருங்க. பழைய ஏற்பாட்டு பிரதான ஆசாரியன், அதாவது யூதங்களோட தலைமைக் குரு, வருஷத்துக்கு ஒரு நாள் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போவான், அதுவும் முதல்ல தன் பாவத்துக்கே ஒரு காளையைப் பலி கொடுத்துட்டுத்தான் போகணும், அப்புறம்தான் ஜனங்களுக்காக வெள்ளாட்டுக்கடா. அடுத்த வருஷம் திரும்பவும் அதே. ஏன் திரும்பத் திரும்ப? ஏன்னா அது வேலையை முடிக்கல. 10ஆம் அதிகாரத்துல ஒரு சின்ன விஷயம் இருக்கு, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கும்: ஆசாரியன் நாள்தோறும் நின்னுக்கிட்டே இருப்பான், இயேசுவோ ஒரே பலியைச் செலுத்திட்டு உட்கார்ந்தார். வேலை முடிஞ்சவர்தானே உட்காருவார். தேவாலயத் திரைச்சீலை மேலருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சுதே, இனி நடுவுல ஆள் தேவையில்லன்னுதானே அர்த்தம். அப்புறம் இன்னொண்ணு, புதிய ஏற்பாட்டு கிரேக்கத்துல பலி செலுத்துற ஆசாரியனுக்கு ஹியெரேயுஸ்னு ஒரு வார்த்தை உண்டு, சபை ஊழியக்காரர் எவரையும் அந்த வார்த்தையால கூப்பிடவே இல்ல. மூப்பர், கண்காணி, மேய்ப்பர் அவ்வளவுதான். ஆசாரியர்னு சொன்னா ஒண்ணு கிறிஸ்து, இல்லைன்னா விசுவாசிகள் எல்லாரும், 1 பேதுரு 2:9ல "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்"னு சொல்றாரே.

மாஹிம் புதன்கிழமை:
எனக்கு இவ்வளவு வேதம் தெரியாது. நான் புதன்கிழமை மாஹிம் நவநாளுக்குப் போறவ, வேண்டிக்கிட்டு மெழுகுதிரி கொளுத்துவேன், அது போதும்னு இருந்தேன். ஆனா பூசைக் காசு பத்தி ஒரு வலி இருக்கு, சொல்லிடுறேன். எங்க வீட்டுக்காரர் போன வருஷம் தவறினப்ப கையில சுத்தமா காசு இல்ல, பூசைக்குப் பேர் எழுதப் போனா அங்க இருந்தவர் எல்லார் முன்னாலயும் "காணிக்கை எவ்வளவு"ன்னு கேட்டார், நான் சொன்ன தொகையைக் கேட்டு மூஞ்சியைச் சுளிச்சார். எந்தக் கோயில்னு சொல்ல மாட்டேன். அன்னைலருந்து அந்த ஆபீஸ் வாசலை மிதிக்கல. காசு இருந்தாத்தான் பலியா?

வசாய் வாத்தியார்:
மாஹிம் அக்காவுக்கு முதல்ல. நான் சாமியாராகிறதுக்கு ஆறு வருஷம் செமினரில படிச்சவன், வெளிய வந்துட்டேன், இப்போ ஸ்கூல்ல வாத்தியார். உங்களுக்கு நடந்தது தப்பு, கத்தோலிக்கச் சட்டப்படியே தப்பு. திருச்சபைச் சட்டத் தொகுப்பு 945ஆவது சட்டம், காணிக்கையே இல்லாட்டியும் ஏழைகள் கருத்துக்காகப் பூசை வைக்கணும்னு குருக்களை வற்புறுத்திக் கேட்டுக்குது. 947, பூசைக் காணிக்கையில வியாபாரத்தோட சாயல்கூடத் தெரியக் கூடாதுங்குது. ஒரு நாள்ல எத்தனை பூசை வச்சாலும், கிறிஸ்து பிறப்பு நாள் தவிர, ஒரே ஒரு காணிக்கையைத்தான் சாமியார் தனக்குன்னு வச்சுக்கலாம். அந்தக் காசு குருவோட பிழைப்புக்குக் கொடுக்கிற உதவி, பலியோட விலை இல்ல. பலிக்கு விலை போட யாராலயும் முடியாது. திரும்பப் போங்கக்கா, நேரா சாமியாரையே பாருங்க.

இப்போ சயான் தம்பி கேள்விக்கு வரேன். முலுண்ட் அண்ணன் சொன்னதுல முக்காவாசி எங்க செமினரிலயும் சொல்லிக் கொடுத்ததுதான். சிலுவைப் பலி ஒண்ணே ஒண்ணு, அதைத் திரும்பச் செய்ய முடியாது, கூட ஒரு துளி சேர்க்கவும் முடியாது. திரிதெந்தின் பொதுச்சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்கள் கூடின சங்கம், 1562ல 22ஆவது அமர்வுல சொன்னதையே எடுத்துக்கோங்க: சிலுவையில ரத்தம் சிந்தித் தன்னை ஒப்புக்கொடுத்த அதே கிறிஸ்து பீடத்துல ரத்தம் சிந்தாத முறையில ஒப்புக்கொடுக்கப்படுறார், பலிப்பொருளும் ஒண்ணுதான், குருவும் ஒருத்தர்தான், ஒப்புக்கொடுக்கிற விதம் மட்டும் வேற. அதாவது பூசைங்கிறது ரெண்டாவது பலி இல்ல. அந்த ஒரே பலிக்கு முன்னால நாம போய் நிக்கிறோம். யூதர்கள் எகிப்து அடிமைத்தனத்துலருந்து விடுதலையானதை நினைச்சுப் பாஸ்கா கொண்டாடும்போது ஒவ்வொரு தலைமுறைக்காரனும் தானே எகிப்துலருந்து வெளிய வந்த மாதிரி நினைக்கணும்னு அவங்க மரபு சொல்லுது, 'எங்க முன்னோரை'ன்னு இல்ல, 'என்னை விடுவிச்சார்'னு. "என் நினைவாகச் செய்யுங்கள்"னு இயேசு சொன்னதை அந்த மேசையில உட்கார்ந்துதான் சொன்னார். அந்த நினைவு போட்டோ பாக்கிற மாதிரி நினைவு இல்ல. எபிரெயர் 7:25 சொல்றபடி அவர் இப்பவும் நமக்காகப் பரிந்து பேச உயிரோட இருக்கார். உட்கார்ந்தவர் சும்மா இல்ல.

குருத்துவம் பத்தியும் ஒண்ணு சொல்லணும். 1964ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பத்தின ஏட்டுல, 10ஆவது பத்தில, திருமுழுக்கு வாங்கின எல்லாருக்கும் பொதுக் குருத்துவம் இருக்குன்னு சொல்லுது, பணிக்குருத்துவம், அதாவது குருப்பட்டம் வாங்கின சாமியார்களோடது, அதுலருந்து அளவுல மட்டும் இல்லாம தன்மையிலயே வேறன்னும் சொல்லுது, ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நோக்கியிருக்கு. இது வெறும் ஏட்டு விஷயம் இல்ல. பூசையில காணிக்கை முடிஞ்சதும் சாமியார் நம்மளைப் பாத்து என்ன சொல்றார்னு கவனிங்க, என்னுடையதும் உங்களுடையதுமான இந்தப் பலின்னு சொல்றார். உங்க அம்மா அங்க வேடிக்கை பாக்கிறவங்களா உட்காரல தம்பி, அவங்களும் ஒப்புக்கொடுக்கிறாங்க.

முலுண்ட் விசுவாசி:
வாத்தியார் அழகா சொன்னீங்க, ஆனா எனக்கு இன்னும் இடிக்குது. திரும்பச் செய்றதில்லன்னா பலிங்கிற பேரு எதுக்கு? திருவிருந்துன்னு சொல்லிட்டுப் போகலாமே. எங்க சபையில மாசத்துல முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் எடுக்கிறோம், நன்றியோட எடுக்கிறோம், அங்க பீடமும் இல்ல பலியும் இல்ல. "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது"ன்னு எபிரெயர் 9:22 சொல்லுது, நீங்களோ ரத்தம் சிந்தாத பலிங்கிறீங்க. அப்போ அது என்ன பலி?

தோல்கார வீட்டுப் பொண்ணு:
நான் இங்க எப்பவும் படிச்சுட்டுப் போறதோட சரி, எழுதினதே இல்ல. ஆனா ரத்தம்னு பேச்சு வந்ததால எழுதணும்னு தோணுது, ஏன்னா நான் தாராவில தோல் வேலை செஞ்ச குடும்பத்துல பொறந்தவ. தாத்தா திருநெல்வேலிலருந்து வந்து தோல் பதனிடுற ஷெட்ல வேலை பாத்தவர், அப்பாவும் அதே தொழில். உப்புப் போட்ட பச்சைத் தோல் வந்து இறங்கும், அந்த வாடையிலதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். ஸ்கூல்ல பக்கத்துல உட்கார மாட்டாங்க. சண்டே ஸ்கூல்ல அப்பா செய்ற வேலையைச் சொல்ல வெக்கமா இருக்கும். பன்னெண்டு வயசுல பழைய ஏற்பாட்டுல பலிச் சட்டங்கள் இருக்கிற லேவியராகமம் படிச்சுட்டு இருக்கேன், 7:8ல வந்து நின்னுட்டேன். சர்வாங்க தகனபலியில மாம்சம் பூராவும் பீடத்துல எரிஞ்சுடும், யாருக்கும் ஒரு துண்டு கிடையாது, ஆனா தோல் மட்டும் அந்தப் பலியைச் செலுத்தின ஆசாரியனுக்கு. ஆசாரியன் வீட்டுலயும் தோல் இருந்துருக்கு! ஓடிப்போய் அப்பாகிட்ட படிச்சுக் காமிச்சேன், அவர் கையைத் தொடச்சுட்டு வந்து அந்த வசனத்தை மூணு தடவை படிக்கச் சொன்னார்.

அதுக்கப்புறம் அந்தப் புஸ்தகத்தை நான் விடவே இல்ல. நிறையப் பேர் லேவியராகமம் அலுப்பா இருக்கும்னு தாண்டிப் போயிடுறாங்க, ஆனா பலின்னா என்னன்னு அங்கதான் இருக்கு. முதல் அதிகாரத்தைப் பாருங்க, யார் காளையை வெட்டுறது? ஆசாரியன் இல்லைங்க. கொண்டு வந்தவனே அது தலைமேல கை வச்சு, அவனே கொன்னு, அவனே தோலுரிச்சு, துண்டு துண்டா வெட்டணும். ஆசாரியன் வேலை அதுக்கப்புறம்தான், ரத்தத்தை எடுத்துட்டுப் போய் பீடத்துல தெளிக்கிறது, நெருப்பு போடுறது, துண்டுகளை அடுக்குறது. (புறா மட்டும் வேற, அதைப் பீடத்தண்டை ஆசாரியனே செய்வான்.) அப்போ பலிங்கிறது கொல்றதுல மட்டும் இல்ல. 17:11ல மாம்சத்தின் உயிர் ரத்தத்துல இருக்குன்னு சொல்லுதே, அந்த உயிரைக் கொண்டுபோய் தேவன் முன்னால வைக்கிறதுதான் ஆசாரியனோட வேலை. பாவநிவிர்த்தி நாள்லயும் பிரதான ஆசாரியன் ஆட்டை வெளிய கொன்னுட்டு ரத்தத்தை உள்ள கொண்டுபோறான். இன்னொரு ஆட்டைக் கொல்றதே இல்ல, ஜனங்க பாவத்தையெல்லாம் அது தலையில வச்சுப் போக்காடா வனாந்தரத்துக்கு விட்டுடுறாங்க. எபிரெயர் 9 அதே படத்தைத்தான் வரையுது, கிறிஸ்து தன் சொந்த ரத்தத்தோட பரலோகத்துக்குள்ளயே போனார்னு. சாவு ஒரேதரம் முடிஞ்சுது. முன்னால நிக்கிறது முடியல. முலுண்ட் அண்ணே, வாத்தியார் சொல்ற 'ரத்தம் சிந்தாத' முறை எனக்கு அப்படித்தான் புரியுது, நான் கத்தோலிக்க இல்லைன்னாலும்.

இன்னொண்ணு. 9:22ஐ முழுசா படிங்கண்ணே. முதல் பாதியில "கொஞ்சங்குறைய எல்லாம்" ரத்தத்தால சுத்திகரிக்கப்படும்னு இருக்கு. கொஞ்சங்குறைய! ஏன் அப்படி எழுதினார்? என் மனசுல படுறதைச் சொல்றேன், லேவியராகமம் 5:11ஐப் பாருங்க. ஆட்டுக்கு வசதி இல்லாதவன் ரெண்டு புறா கொண்டு வரலாம், புறாவுக்கும் வக்கில்லாதவன் எப்பாங்கிற அந்தக் காலத்து அளவுல பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு, கிட்டத்தட்ட 2 லிட்டர் மாவு, எண்ணெயும் வேண்டாம் தூபவர்க்கமும் வேண்டாம், அதுவே பாவநிவாரண பலி, அவனுக்கு மன்னிக்கப்படும். ஒரு சொட்டு ரத்தம் இல்ல. பரம ஏழைக்காக தேவன் தன் சட்டத்துல ஒரு கதவைத் தொறந்து வச்சிருந்தார். மாஹிம் அக்கா, உங்களை மூஞ்சி சுளிச்சுப் பாத்தாரே அந்த ஆள், அவர் இந்த வசனத்தைப் படிச்சிருக்கணும். இயேசுவைக் கோயிலுக்குக் கொண்டு வந்தப்ப மரியாளும் யோசேப்பும் செலுத்தினது ஏழைங்க செலுத்துற புறாதான், லூக்கா 2:24.

அன்டாப்ஹில் சுடலைப்பேரன்:
நான் இந்து, நண்பர் அனுப்பினதால படிக்கிறேன், நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். எங்க ஊர்ல சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கும்போது கிடா வெட்டுவோம், அப்புறம் ஊரே சேர்ந்து சாப்பிடும். அந்த அக்கா சொன்னதுல ஒண்ணு என்னைப் பிடிச்சு இழுத்துச்சு, கொண்டு வந்தவனே தலையில கை வைக்கணும்னு. எங்க ஆச்சி கிடாவைக் கோயிலுக்கு அனுப்புறதுக்கு முன்னால அது நெத்தியைத் தடவிட்டே நிப்பாங்க, வளர்த்தவங்க இல்லையா. எங்க பக்கத்து கிறிஸ்தவங்களும் அந்தோணியார் கோயிலுக்குக் கிடா நேர்ந்து வெட்டுவாங்களே, அது பலிதானா?

வசாய் வாத்தியார்:
மன்னிப்பெல்லாம் எதுக்குங்க, நல்ல கேள்வி. அந்தோணியார் கோயில்ல வெட்டுற கிடா நேர்ச்சைக் கிடா. அதைப் பீடத்துக்குக் கொண்டு போறதில்ல, ரத்தத்தைச் சாமிக்குப் படைக்கிறதும் இல்ல. சமைச்சு ஏழை எளியவங்களுக்கு அசனம் போடுறதுதான் நோக்கம். ஆனா பழைய ஏற்பாட்டுல சமாதான பலின்னு ஒண்ணு உண்டு, அதுல கொழுப்பு தேவனுக்கு, மார்க்கண்டமும் (நெஞ்சுப் பகுதி) வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு, மிச்சம் கொண்டு வந்தவன் குடும்பத்தோட சாப்பிடலாம். கடவுளும் மனுஷனும் ஒரே சாப்பாட்டுல பங்கு வாங்குறாங்க. ஆச்சி நெத்தியைத் தடவினதுக்கும் ஊர் சேர்ந்து உண்டதுக்கும் பின்னால இருக்கிற மனசு அதுக்கு ரொம்பத் தூரமில்லன்னு நான் நினைக்கிறேன். எருசலேம் கோயில் கி.பி. 70ல இடிஞ்சதோட யூதர்கள்கிட்ட மிருக பலி நின்னுபோச்சு. சமாரியர்னு ஒரு சின்னக் கூட்டம் மட்டும் கெரிசிம் மலையில இன்னைக்கும் பாஸ்காவுக்கு ஆடு வெட்டுறாங்க.

நெல்லை அசனம்:
நான் சிஎஸ்ஐ. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வளர்ந்தவன். எங்க ஊர்ல போதகரை ஐயர்னு கூப்பிடுவோம், கத்தோலிக்கத் தெருவுல சாமியார்னு கூப்பிடுவாங்க, வேதத்துல பழைய திருப்புதல் ஆசாரியன்னு சொல்லுது, அவங்க பொது மொழிபெயர்ப்பு குருன்னு சொல்லுது. பேரு மாறினா மனசுல வர்ற படமும் மாறிடுது, பாதிச் சண்டை அங்கதான் ஆரம்பிக்குதுன்னு எனக்கு எப்பவும் தோணும். 1947 செப்டம்பர் 27ல தென்னிந்தியத் திருச்சபை உருவானப்ப ஆங்கிலிக்கன்காரங்களும் மெத்தடிஸ்ட்காரங்களும் மத்தவங்களும் ஒண்ணா சேர்ந்தாங்க, அப்ப போதகருக்கு பிரஸ்பிட்டர்னு பேரு வச்சாங்க. மூப்பர்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லு. இங்கிலீஷ்ல ப்ரீஸ்ட்னு சொல்றதும் அதே சொல்லுலருந்து தேய்ஞ்சு வந்ததுதான், ஆனா கேக்கிறவன் காதுல பலி செலுத்துற ஆசாரியன்னுதான் விழும். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தர் 1520ல திருமுழுக்கு எடுத்த எல்லாருமே ஆசாரியர்னு எழுதினப்ப உடைக்கப் பாத்தது அந்தச் சுவரைத்தான்.

முலுண்ட் அண்ணன் பயம் எனக்குப் புரியுது. கிருபை காசுக்கு விக்கப்பட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு, அதுலருந்து வந்த பயம் அது, பொய்யான பயம் இல்ல. ஆனா நல்லா யோசிங்கண்ணே, எங்க சபையிலயும் உங்க சபையிலயும் பலிங்கிற வார்த்தை போயிடல. எபிரெயர் 13:15ல ஸ்தோத்திரபலி, அடுத்த வசனத்துலயே நன்மை செய்றதும் தானதர்மம் பண்றதும் தேவன் பிரியப்படுற பலின்னு இருக்கு. ரோமர் 12:1ல நம்ம சரீரத்தையே ஜீவபலியா கேக்கிறார். சயான் தம்பி, உங்க மச்சான் ஆஸ்பத்திரில ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு இருந்தார்னு எழுதியிருக்கீங்களே, அவர் ஒரு பலி செலுத்திட்டுத்தான் வந்திருக்கார், அவருக்கே அது தெரியாது.

செத்தவங்களுக்காக ஜெபிக்கிறதுல மட்டும் நான் கத்தோலிக்கர் கூட முழுசா ஒத்துப்போகல. அவங்க வேதத்துல இருக்கிற 2 மக்கபேயர் எங்க வேதத்துல இல்ல, அதுலதான் யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே செத்த வீரர்களுக்காக எருசலேமுக்குப் பணம் அனுப்பிப் பாவம் போக்கும் பலி செலுத்த ஏற்பாடு பண்றார். நான் என் அம்மாவை ஆண்டவர் கையில விட்டுட்டேன், நினைவு ஆராதனை வைப்போம், நன்றி சொல்வோம், அவ்வளவுதான்.

மாஹிம் புதன்கிழமை:
தோல்கார வீட்டு அம்மா, அந்த மாவு வசனத்தை மகனை விட்டு ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். நல்லா இரும்மா.

முலுண்ட் விசுவாசி:
"கொஞ்சங்குறைய"ங்கிற வார்த்தையை நான் இருவது வருஷமா படிச்சும் கவனிக்கல, உண்மையா சொல்றேன். இப்ப வேதத்தை எடுத்துப் பாத்தேன், இருக்கு. பூசை விஷயத்துல நான் மாறல, அது வேற. ஆனா தம்பி, உங்க அம்மாகிட்ட ஒரு வயசான சகோதரன் மன்னிப்பு கேட்டான்னு சொல்லுங்க. சத்தியத்தைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால வச்சுப் பேசக் கூடாது, நானும் என் தங்கச்சிகிட்ட அப்படிப் பேசியிருக்கேன், அவ எங்கூட ரெண்டு வருஷம் பேசல.

வசாய் வாத்தியார்:
தம்பி, முதல் பதிவுல ஊர்ல அடக்கம் பண்ண முடியலன்னு எழுதியிருந்தீங்க, அது என் மனசுல ஓடிட்டே இருக்கு, ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். புனித அகுஸ்தினாரோட அம்மா மோனிக்கா ஆப்பிரிக்காக்காரங்க. சொந்த ஊர்ல புருஷன் கல்லறை பக்கத்துல தனக்கு இடம் ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாங்க. ஆனா 387ல ஊருக்குத் திரும்புற வழியில இத்தாலில ஓஸ்தியா துறைமுகத்துல காய்ச்சல் வந்து அங்கயே இறந்துபோனாங்க. ஊர்லதான் சாகணும்னு ஒரு மகன் புலம்பினப்ப அவங்க சொன்னது, இந்த உடம்பை எங்க வேணா வையுங்க, அதைப் பத்திக் கவலைப்படாதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், நீங்க எங்க இருந்தாலும் ஆண்டவர் பீடத்துல என்னை நினைச்சுக்கோங்க. அகுஸ்தினாரே எழுதி வச்சிருக்கார். பலி எப்படின்னு அன்னைக்கு யாரும் விவாதம் பண்ணல. கடல் தாண்டிச் செத்துப்போன ஒரு தாய்க்கு ஊர் மண்ணு கிடைக்கல, பீடம் கிடைச்சுது. இதை உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க, நிதானமா.

சயான் சர்க்கிள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி ஒரு மணிக்கு மேல உட்கார்ந்து முழுசா படிச்சேன், காலையில சமையக்கட்டுல அம்மாகிட்ட மோனிக்கா கதையைச் சொன்னேன். அம்மா பாதியிலயே அழ ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் "புருஷன் கல்லறை பக்கத்துல இடம் வச்சிருந்தாங்களா"ன்னு அதையே ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. மச்சான்கிட்டயும் பேசினேன். அவனுக்கு தோல்கார அக்கா எழுதினதைக் காமிச்சேன், காளையை வெட்டுறது ஆசாரியன் இல்லங்கிறது அவனுக்கும் புதுசு, இந்த வாரம் அவங்க பைபிள் ஸ்டடில கேக்கப் போறானாம். அவன் நம்பிக்கை அவனுக்கு, நான் மாத்தப் போறதில்ல. வர்ற சனிக்கிழமை காலைல ஆறரைக்கு அப்பா பேர்ல பூசை. அம்மாவுக்கு முட்டி வலி, ஆட்டோ அந்த நேரத்துக்குக் கிடைக்காதுன்னு யோசிச்சுட்டு இருந்தப்ப மச்சான் அவனே, "நான் வண்டில கொண்டு வந்து விடுறேன் அத்தை, உள்ள வர மாட்டேன், வெளிய நிக்கிறேன்"ன்னான். அம்மா அவனுக்கு ரெண்டாவது தடவை தோசை வச்சாங்க.